பத்து நிமிஷம் இருப்புக் கொள்ளாத பிள்ளைக்கு எந்த வேலை?

பிளஸ் டூ பரீட்சை முடிவு வந்துவிட்டால், அருமனைப் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்.

பையனை இன்ஜினீயரிங் படிப்பில் சேர்ப்பதா? பெண்ணை நர்சிங் அனுப்புவதா? அல்லது சர்க்கார் உத்தியோகப் பரீட்சைக்குத் தயார் செய்வதா?

மாமா ஒன்று சொல்வார். வளைகுடா நாட்டில் இருக்கும் சித்தப்பா போனில் வேறொன்று சொல்வார். எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு, அம்மா மட்டும் மெதுவாகக் கேட்பாள்:

"இவனுக்கு ஒரு இடத்தில் பத்து நிமிஷம் இருப்புக் கொள்ளாதே! இவன் என்ன வேலை பார்ப்பான்?"

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. கடைசியில் கேட்கப்படுகிறது. பல வீடுகளில் கேட்கப்படுவதே இல்லை. பணம் கட்டி, இரண்டு வருஷம் கழிந்து, பிள்ளை படிப்பைப் பாதியில் விட்டு வந்த பிறகுதான் அது நினைவுக்கு வருகிறது.

கன்னியாகுமரி ஜில்லா படிப்பில் பெயர் பெற்றது. 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி, 7 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 91 பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். தமிழ்நாட்டில் முதல் இடம்! பெருமைதான்.

ஆனால், எல்லாப் பிள்ளைகளும் படிக்கிற ஊரில், புத்தகத்தின் முன் உட்கார முடியாத பிள்ளையின் பாடு திண்டாட்டம். சோம்பேறி, உருப்படாதவன், திமிர் பிடித்தவள் என்று 10 வயதுக்குள் நாலு பட்டம் கிடைத்துவிடுகிறது.

இது என்ன கோளாறு?

இப்படிப்பட்ட பிள்ளைகளில் சிலருக்கு இருப்பது ஏ.டி.எச்.டி. என்று டாக்டர்கள் சொல்லும் கோளாறு. கவனம் ஓர் இடத்தில் நில்லாது. கை கால் சும்மா இராது. யோசிக்கும் முன்பே வாய் பேசிவிடும். தமிழில் இதைக் கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு என்கிறார்கள்.

இது செல்போன் வந்த பிறகு பிறந்த நோய் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1902-ம் ஆண்டிலேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர், இத்தகைய பிள்ளைகளைப் பற்றி டாக்டர்கள் கூடிய சபையில் விவரமாகப் பேசியிருக்கிறார். உலகம் முழுவதும் பள்ளிப் பிள்ளைகளில் 100-க்கு சுமார் 5 பேருக்கு இது இருப்பதாகக் கணக்கு.

பெரும்பாலும் இது குடும்ப வழியில் வருகிறது. தாயின் வளர்ப்பு சரியில்லை என்று பழிப்பதில் அர்த்தம் இல்லை. அப்படிப் பழிக்கும் தகப்பனாரே சிறு வயதில் பையனைப் போல இருந்திருக்கலாம்!

வளர்ந்தால் சரியாகிவிடும் என்பது பாதி உண்மை. ஓடுவதும் குதிப்பதும் வயது ஏற ஏறக் குறையும். மறதி, நேரம் தவறுவது, தொடங்கியதை முடிக்காமல் விடுவது ஆகியவை பலருக்கு வேலைக்குப் போன பிறகும் கூடவே வரும்.

இன்னொரு வேடிக்கை உண்டு. பிடித்த காரியம் கிடைத்துவிட்டால், இதே பிள்ளை சோறு தண்ணீர் மறந்து அதிலேயே மூழ்கிக் கிடப்பான். பழுதான மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு ராத்திரி 12 மணி வரை உட்கார்ந்திருப்பான்.

"இதற்கு மட்டும் மனசு வருகிறதே?" என்று அப்பா கோபிப்பார். நியாயமான கோபந்தான். ஆனால் அந்த மனசை வேண்டும்போது வரவழைப்பதும், வேண்டாதபோது நிறுத்துவதும் அவனுக்கு மற்றவர்களைப் போல் எளிதாக இல்லை. 'நாலு வருஷம் படித்தால் பிற்பாடு நல்லது' என்ற பேச்சு அவன் மூளையை அசைப்பதில்லை. இப்போதே பலன் தெரிகிற காரியம் அசைக்கிறது.

பெண்பிள்ளைகளின் நிலைமை இன்னும் மோசம். பலர் ஓடியாடுவதில்லை. ஜன்னல் வழியே வெளியே பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். வகுப்பில் தொந்தரவு இல்லாததால் ஆசிரியர் புகார் சொல்வதில்லை. கல்யாணம் ஆகி, அடுப்பில் பாலை வைத்து மறந்து, மாமியார் வாயில் விழுந்த பிறகும் அது குணக்கேடு என்றே எண்ணப்படுகிறது.

பெயரைப் பார்க்காதீர்கள், நாளைப் பாருங்கள்

பிள்ளைக்கு வேலை தேடும்போது நம் குடும்பங்கள் வேலையின் பெயரைப் பார்க்கின்றன. இன்ஜினீயர், நர்ஸ், ஆபீசர். சம்பளம் எவ்வளவு, பென்ஷன் உண்டா, ஊரில் மதிப்பு உண்டா என்று விசாரிக்கிறார்கள்.

ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைக்கு இது போதாது. அந்த வேலையின் ஒரு நாளைப் பார்க்க வேண்டும். காலை முதல் மாலை வரை கை என்ன செய்கிறது? உட்கார்ந்தா, நின்றா, நடந்தா? தவறு செய்தால் உடனே தெரியுமா, ஆறு மாதம் கழித்துத் தெரியுமா? அடுத்து என்ன என்று சொல்ல ஆள் உண்டா? காகிதம் எவ்வளவு?

அருமனையைச் சுற்றியுள்ள தொழில்களையே எடுத்துக்கொள்ளலாம்.

ரப்பர் பால்வெட்டு எல்லாரும் அறிந்தது. விடியும் முன்பு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்காரர் புறப்பட்டு விடுவார். அதிகாலைக் குளிரில்தான் பால் நன்றாக ஓடும். ஒரு மரத்தில் மெல்லிய பட்டை ஒரு சீவல். உடனே பால் கசிந்து சிரட்டையில் சொட்டும். அடுத்த மரம். இப்படி 300 மரத்துக்குக் குறையாது. பிறகு திரும்பி வந்து பாலைச் சேகரித்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, ஷீட் அடிக்க வேண்டும்.

உட்கார முடியாதவனுக்கு இது பொருத்தம் என்று தோன்றும். நடை உண்டு, கைக்கு வேலை உண்டு, பலன் கண்முன் தெரிகிறது, மதியத்துக்குள் வேலை முடிகிறது. மேஸ்திரி கத்த வேண்டியதில்லை. பால் காத்திருக்காது என்பதே அவனை எழுப்பிவிடும்.

ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. கத்தி சிறிது ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழும். அந்த இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வளராமல் முண்டு முண்டாகிவிடும். நட்டு 7 வருஷம் காத்திருந்து வளர்த்த மரம்! முதல் 50 மரம் வரை கை சுத்தமாக ஓடும். இருநூறாவது மரத்தில் மனம் எங்கோ போயிருக்கும். சிலருக்கு அந்தத் தாளமே மனத்தைக் கட்டிப்போடுகிறது. சிலருக்கு அதே தாளம் சலிப்பாகிவிடுகிறது. பத்து நாள் வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். வீட்டில் இருந்தபடி யாராலும் சொல்ல முடியாது.

அதே ரப்பர் தோட்டத்தில் இன்னொரு தொழில் நடக்கிறது. குளிர்காலத்தில் இலை உதிர்ந்து, மரம் புதுத் தளிர் விடும். அந்தத் தளிர் இலையின் காம்பில் தேன் சுரக்கும், பூவில் அல்ல. அந்தச் சமயம் தேனீக்காரர்கள் பெட்டிகளை வண்டியில் ஏற்றி, ராத்திரியோடு ராத்திரியாகத் தோட்டத்தில் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

பக்கத்து மார்த்தாண்டத்தில் 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர், ஒய்.எம்.சி.ஏ. சார்பில் கிராம முன்னேற்ற நிலையம் நடத்தினார். அங்கே கற்றுக்கொடுத்த கைத்தொழில்களில் தேனீ வளர்ப்பும் ஒன்று. இன்று மார்த்தாண்டம் தேன் என்றால் தமிழ்நாடு முழுவதும் தெரியும்.

தேனீ வளர்ப்பில் சலிப்புக்கு இடம் குறைவு. ஒவ்வொரு பெட்டியும் ஒரு தினுசாக இருக்கும். ராணி இருக்கிறதா, அடையில் முட்டை இருக்கிறதா, எறும்பு ஏறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். அவசரப்பட்டுக் கையை வீசினால், உபாத்தியாயர் பிரம்பு எடுக்கும் முன்பே தேனீ பாடம் சொல்லிவிடும்! வீட்டில் ஒரு நிமிஷம் சும்மா இராத கை, தேன் பெட்டியைத் திறந்ததும் நிதானப்படுவது உண்டு.

குறையும் உண்டு. மழைக் காலத்தில் தேன் வராது. அந்த மாதங்களில் சர்க்கரைப் பாகு காய்ச்சி வைத்து ஈக்களைக் காப்பாற்ற வேண்டும். பலன் இல்லாத அந்த நாட்களில்தான் மறதிக்காரன் பெட்டியை மறந்துவிடுவான். 1991, 1992-ம் ஆண்டுகளில் புழுக்களைத் தாக்கும் ஒரு வைரஸ் நோய் வந்து, தென்னாட்டில் ஏராளமான தேனீக் கூட்டங்கள் அழிந்தன. அப்படிப்பட்ட காலத்தைத் தாங்க வீட்டில் இன்னொரு வரும்படி வேண்டும்.

அண்டி ஆபீஸ் வேலை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்து நாள் முழுதும் முந்திரிக்கொட்டையை உடைப்பது, தோல் உரிப்பது. இருப்புக் கொள்ளாத பெண்ணுக்கு அதைவிடக் கடினமான வேலை கிடையாது.

படிப்பு வேண்டாமா?

இதைப் படிப்பவர்கள், 'அப்படியானால் இந்தப் பிள்ளைகளைப் படிக்க வைக்காமல் வெட்டுக்கு அனுப்பச் சொல்கிறார்களா?' என்று கேட்கலாம்.

அப்படிச் சொன்னால் அது பெரிய அநியாயம். இந்தக் கோளாறுக்கும் புத்திக் குறைவுக்கும் சம்பந்தம் இல்லை. இது உள்ள டாக்டர்கள் உண்டு, வக்கீல்கள் உண்டு, இன்ஜினீயர்கள் உண்டு. ஒரே தொழிலுக்குள் பல இருக்கைகள் இருக்கின்றன. எந்த இருக்கை என்பதே விஷயம்.

இந்த வட்டாரத்துப் பெண்கள் பலர் நர்ஸ் வேலைக்குப் போகிறார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கும் நர்சுக்கு ஒவ்வொரு நிமிஷமும் புதிது. மற்றவர்கள் பதறும் நேரத்தில் இவளுக்கு மூளை தெளிவாக வேலை செய்யலாம். அதே பெண்ணை இன்ஷூரன்ஸ் காகிதம் எழுதும் மேஜையில் உட்கார வைத்தால், மூன்றாம் மாதம் மெமோ வாங்குவாள். எந்த வார்டானாலும் மருந்து அளவை ஒருவர் சொல்ல, மற்றவர் சரிபார்க்கும் வழக்கத்தை அவள் விடவே கூடாது. அங்கே மறதி என்பது ஓர் உயிர்.

இன்ஜினீயரிங்கும் அப்படித்தான். கட்டடம் எழும்பும் இடத்தில் நிற்பது ஒன்று. ஏர்கண்டிஷன் அறையில் கணக்கைச் சரிபார்ப்பது வேறு. கல்லூரி இரண்டுக்கும் ஒரே சர்ட்டிபிகேட்தான் தருகிறது.

நாகர்கோவில் கோணத்தில் அரசினர் ஐ.டி.ஐ. இருக்கிறது. ஐ.டி.ஐ. என்றால் மார்க் குறைந்தவன் போகும் இடம் என்று முகம் சுளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கையால் செய்து கற்கும் பிள்ளைக்கு அங்கே ஒரு வருஷம் கிடைக்கும் பயன், பிடிக்காத கல்லூரியில் நாலு வருஷத்தில் கிடைக்காது.

சினிமா நடிகர் பஹத் பாசிலை அருமனையில் அறியாதவர் இல்லை. மலையாளப் படங்கள் ஒருபுறம் இருக்க, 'விக்ரம்', 'மாமன்னன்' படங்களிலும் நடித்தவர். தமக்கு ஏ.டி.எச்.டி. இருப்பது 41-வது வயதில் தெரிந்தது என்று, 2024 மே மாதம் கேரளத்தில் கோதமங்கலத்தில் நடந்த விழாவில் அவரே சொன்னார். 2002-ல் வந்த அவருடைய முதல் படம் ஓடவில்லை. அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். 2009-ல் திரும்பி வந்து மறுபடி நடித்துப் பெயர் எடுத்தார்.

அவர் நடிப்புக்கு இந்தக் கோளாறுதான் காரணம் என்று சொன்னால் அது தப்பு. ஆனால் அந்த வேலையின் நாளைப் பாருங்கள். இன்று ஒரு வேஷம், அடுத்த மாதம் இன்னொன்று. ஒரு காட்சி சில நிமிஷம். எப்போது வர வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று சொல்ல உதவியாளர்கள். சரியா தப்பா என்று டைரக்டர் அந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறார்.

சைமன் பைல்ஸ் என்ற அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனையும், தமக்கு இந்தக் கோளாறு இருப்பதையும் மருந்து சாப்பிடுவதையும் 2016-ல் வெளிப்படையாகச் சொன்னார். இவர்களைக் காட்டி, 'ஏ.டி.எச்.டி. உள்ளவர் எல்லாம் மேதைகள்' என்று சிலர் பேசுகிறார்கள். அதுவும் பிள்ளைக்குச் சுமைதான். சாதாரணமாகப் பிழைத்துச் சந்தோஷமாக இருக்கவும் அவனுக்கு உரிமை உண்டு.

இரண்டு தவறான வழிகள்

படிப்பு வராத பையனுக்கு இந்தப் பக்கம் சட்டென்று சொல்லும் யோசனை ஒன்று உண்டு: "லைசென்ஸ் எடு, வண்டி ஓட்டப் போ."

இது ஆபத்தான யோசனை. சுவீடன் தேசத்தில் ஏ.டி.எச்.டி. உள்ள 17,000 பேருக்கு மேல் ஆராய்ந்து, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். மற்றவர்களைவிட இவர்களுக்குப் பெரிய சாலை விபத்துகள் அதிகம் என்று தெரிந்தது. மருந்து சாப்பிட்ட காலத்தில் ஆண்களுக்கு விபத்து வெகுவாகக் குறைந்ததும் தெரிந்தது. ஆகவே டாக்டரைப் பார்க்காமல், கருங்கல் ஏற்றிய டிப்பர் லாரியை இப்படிப்பட்ட வாலிபன் கையில் கொடுப்பது அவனுக்கும் நல்லதல்ல; சாலையில் போகிறவர்களுக்கும் நல்லதல்ல. சிகிச்சை எடுத்து, நிதானமாக ஓட்டும் பழக்கம் வந்த பிறகு யோசிக்கலாம்.

இரண்டாவது தவறு, கௌரவமான தவறு. அதனால் யாரும் அதைத் தவறு என்று சொல்வதில்லை. 'சர்க்கார் பரீட்சைக்குப் படிக்கிறான்' என்று பிள்ளையை மூன்று, நாலு வருஷம் அறையில் அடைத்து வைப்பது!

அந்த அறையில் என்ன நடக்கிறது? எழுப்ப மணி இல்லை. மேற்பார்க்க ஆள் இல்லை. பலன் எப்போதோ. பாடமோ மனப்பாடம். ஏ.டி.எச்.டி. உள்ளவனுக்கு ஒத்துவராத அத்தனையும் ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன. ஒரு வருஷம் போனால் பையனுக்குத் தன்மேல் நம்பிக்கை போகிறது. இரண்டாம் வருஷம் வீட்டில் பேச்சு நின்றுவிடுகிறது. மூன்றாம் வருஷம் உறவுக்காரர் கல்யாணத்துக்கு வர மறுக்கிறான். பரீட்சையில் தேறாததைவிட இது பெரிய நஷ்டம். அந்த உத்தியோகமே வேண்டுமென்று பிள்ளை ஆசைப்பட்டால், ஏதாவது ஒரு வேலையில் இருந்துகொண்டு, நாலு பேருடன் சேர்ந்து, நேரம் குறித்துப் படிக்கட்டும்.

சொந்தத் தொழில் பற்றியும் ஒரு வார்த்தை. தொடங்கும் வேகம் இவர்களுக்கு உண்டு. கடன் நோட்டை எழுதி வைக்கும் பழக்கம் இராது. கடை வைத்துக் கொடுப்பவர்கள், கணக்குக்கு வேறொரு ஆளை வைக்க வேண்டும். அக்காவோ, மனைவியோ, சம்பளத்துக்கு ஒருவரோ, யாராக இருந்தாலும் சரி. மொத்தப் பணத்தையும் முதல் மாதமே கையில் கொடுக்க வேண்டாம்.

பத்து நாள் பார்க்கட்டும்

காலேஜுக்கு லட்சக்கணக்கில் கட்டும் முன்பு, பத்து நாள் செலவிடத் தயங்குவது விசித்திரம். விடுமுறையில் பிள்ளையை ஒரு ஒர்க்ஷாப்புக்கு அனுப்பலாம். உறவுக்கார நர்சுடன் பேச வைக்கலாம். மார்த்தாண்டத்தில் தேன் பெட்டி வைத்திருப்பவருக்குக் கையாளாகப் போகட்டும். கட்டட வேலையில் மேஸ்திரிக்கு உதவியாக நிற்கட்டும்.

அந்தப் பத்து நாளில் பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். மாலையில் வீட்டுக்கு வந்து பிள்ளை என்ன பேசுகிறான்? "இன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா அம்மா!" என்று தானாகத் தொடங்குகிறானா? முதல் இரண்டு நாள் எல்லாருக்கும் உற்சாகம் இருக்கும். அதை நம்ப வேண்டாம். ஏழாம் நாள், எட்டாம் நாள் பேச்சைக் கேளுங்கள்.

பொருத்தமான வேலை கிடைத்தாலும் சிகிச்சை வேண்டாம் என்று ஆகிவிடாது. மருந்து பலருக்கு நன்றாக உதவுகிறது. நேரத்தைப் பிரித்துக்கொள்ளவும், மறதிக்கு வழி செய்துகொள்ளவும் மனோதத்துவப் பயிற்சி உண்டு. இதற்குக் கொடுக்கும் முக்கிய மருந்துகளில் ஒன்று மெதில்பெனிடேட். ஐக்கிய அரபு எமிரேட்டில் அது கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. அங்கே வேலைக்குப் போகிறவர்கள் டாக்டர் சீட்டுடன் முன்கூட்டியே அனுமதி வாங்காமல் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகக் கூடாது. ஏஜெண்டுகள் இதைச் சொல்வதில்லை.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. ஏ.டி.எச்.டி. தனிப்பெயரில் அதில் இல்லை. எழுதப் படிக்கத் தடுமாறும் கற்றல் குறைபாடு இருக்கிறது. இரண்டும் ஒரே பிள்ளைக்கு இருப்பது சகஜம். ஆகவே சோதிக்கும்போது இரண்டையும் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013-ல் மத்திய சர்க்கார் ஆரம்பித்த திட்டத்தில், பார்க்க வேண்டிய குறைகளில் ஏ.டி.எச்.டி.யும் ஒன்று. பள்ளிக்கு வரும் டாக்டரிடம் பெற்றோர் வாய் திறந்து சொல்லலாம். மனநல யோசனைக்கு 14416 என்ற டெலிபோன் எண்ணும் 2022 முதல் உண்டு, காசு இல்லை.

நேரில் காட்ட, ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். போகும்போது பிள்ளையின் பழைய ராங்க் கார்டுகள், ஆரம்பப் பள்ளி ஆசிரியர் எழுதிய குறிப்புகள், பாதியில் நின்ற நோட்டுப் புத்தகங்கள் இருந்தால் அவற்றையும் எடுத்துச் செல்வது நல்லது. 12 வயதுக்கு முன்பே இந்தக் குணங்கள் இருந்தனவா என்று டாக்டர் கேட்பார்.